பாவக் கணக்கை யார் எழுதுவது? ரோல்பிளே விளையாட்டுகளின் ஒழுக்கச் சீரழிவு விதிகள்

1975இல் வெளிவந்த ‘கிரேஹாக்’ என்ற துணைநூல், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்குள் பாலடின் என்னும் புனித வீரனைக் கொண்டுவந்தது. அவன் கைபட்டால் நோய் தீரும். அவனை எந்த நோயும் அண்டாது. இத்தனைக்கும் முக்கிய நிபந்தனை, அவன் ஒழுங்கின் பக்கமே நிற்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் அந்தத் தகுதி உடனே போய்விடும், பிறகு ஒருபோதும் திரும்பாது. தவறினானா இல்லையா என்று தீர்ப்புச் சொல்பவர் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் கேம் மாஸ்டர்.

ஐம்பது ஆண்டுகளாக இந்த விளையாட்டுகளை உருவாக்குகிறவர்கள் திரும்பத் திரும்ப மோதிக்கொள்ளும் சிக்கல் முழுவதும் அந்தச் சின்ன விதிக்குள் இருக்கிறது. ஒரு கதாபாத்திரம் கெட்டுப்போவதை விதியால் காட்ட முடியுமா? முடியும் என்றால் தீர்ப்பை யார் சொல்வது, எப்போது சொல்வது, இழப்பு எதுவாக இருக்க வேண்டும்?

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். கேம் மாஸ்டர் உலகத்தையும் எதிரிகளையும் விவரிக்கிறார். மற்றவர்கள் தங்கள் கதாபாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடை உருளும். நம் பரமபத சோபான படத்திலும் பாவத்துக்குப் பாம்பும் புண்ணியத்துக்கு ஏணியும் உண்டு. ஆனால் அங்கே காயைப் பாம்பின் வாயில் கொண்டுபோய் வைப்பது தாயக்கட்டை. ஆடுபவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ரோல்பிளேயில், “அந்தக் கைதியைக் கொல்கிறேன்” என்று ஆடுபவர் தன் வாயால் சொல்கிறார். இங்கே விதி எடை போடுவது ஒரு மனிதரின் தேர்வை. இந்த விதிகளைச் சுற்றி இத்தனை சண்டை நடப்பதற்குக் காரணம் அதுதான்.

கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில் கதாபாத்திரங்கள் சேர மூன்று தரப்புகள் மட்டும் இருந்தன: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். பௌல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் மிகைபுனைவுக் கதைகளிலிருந்து வந்த பிரிவினை இது. பிரபஞ்சப் போரில் நீ எந்தக் கொடியின் கீழ் நிற்கிறாய் என்பதே அதன் கேள்வி. தனிமனித ஒழுக்கம் அதில் அவ்வளவாக இல்லை. பின்னர் நன்மை, தீமை என்ற இன்னொரு அச்சு சேர்ந்து, 1978 ஆட்டக்காரர் கையேட்டில் ஒன்பது கட்டங்களாக விரிந்தது. இன்று இணையத்தில் திரைப்பட நாயகர்களை ஒன்பது கட்டத்தில் அடுக்கிப் பார்க்கிறார்களே, அதன் பிறப்பிடம் இதுதான்.

1979இல் வந்த கேம் மாஸ்டர் கையேடு ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு கதாபாத்திரத்தின் நடத்தையையும் ஒரு வரைபடத்தில் கேம் மாஸ்டர் குறித்துவரச் சொன்னது. புள்ளி நகர்ந்து அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டால் கதாபாத்திரம் ஒரு படிநிலையை இழக்கும். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த படிநிலை அது. அது போகிறது என்று அறிவிப்பவர் உங்கள் நண்பர்.

இதன் விளைவைக் கிட்டத்தில் பார்க்க, ஆட்டக்காரர்களிடையே பல பத்தாண்டுகளாகச் சுற்றிவரும் ஒரு காட்சி போதும். குழு ஒரு குகையில் காப்ளின்களை வென்றுவிடுகிறது. உள்ளறையில் காப்ளின் குழந்தைகள். கையேடு காப்ளின்களைத் தீயவர்கள் என்கிறது. பாலடின் என்ன செய்ய வேண்டும்? கொன்றால் குழந்தைக் கொலை. விட்டால் நாளை கிராமத்தைக் கொள்ளையடிக்கப்போகும் கூட்டத்தைத் தப்பவிட்ட குற்றம். எதைச் செய்தாலும் அவனை வீழ்த்தத் தயாராக ஒரு கேம் மாஸ்டர் இருந்தால், மேசையில் ஒழுக்க விசாரணை எதுவும் நடக்காது. அடுத்த முறை ஆட்டக்காரர் பாலடினை எடுக்கமாட்டார். அல்லது கேம் மாஸ்டரின் முகத்தைப் பார்த்து அவருக்குப் பிடித்த விடையைச் சொல்வார். ஒழுக்கம் பற்றிய விதி, அதிகாரத்தில் இருப்பவரின் மனத்தைப் படிக்கும் பயிற்சியாகிவிடுகிறது. இது எனக்குச் சிறிய குறையாகத் தெரியவில்லை.

அந்தக் காட்சியில் இன்னொரு நஞ்சும் இருக்கிறது: ஓர் இனம் முழுவதும் பிறப்பிலேயே தீயது என்ற எண்ணம். பிறப்பை வைத்து மனிதரை எடைபோடும் சமூகத்தில் வாழும் நமக்கு அது எங்கே போய் முடியும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பதிப்பாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2020இல்தான் ஓர்க், டிரோ போன்ற இனங்களைச் சித்தரிக்கும் முறையை மாற்றிக்கொள்வதாக வெளிப்படையாக அறிவித்தது. அதற்கு முன்பே 2008இன் நான்காம் பதிப்பு ஒன்பது கட்டங்களை ஐந்தாகக் குறைத்திருந்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பு ஒன்பதையும் திருப்பிக் கொண்டுவந்தாலும் அவற்றின் பல்லைப் பெரும்பாலும் பிடுங்கிவிட்டது. தண்டனை போனது நல்லதே. அதன் இடத்தில் வேறொன்றும் வரவில்லை என்பதால் அந்த ஒன்பது பெயர்களும் இப்போது கதாபாத்திரத் தாளில் ஓர் அலங்காரமாக நிற்கின்றன.

சீரழிவைத் தேயும் எண்ணாகக் காட்டும் வழக்கத்தைப் பரப்பியது, சாண்டி பீட்டர்சன் உருவாக்கி கேயோசியம் 1981இல் வெளியிட்ட ‘கால் ஆஃப் க்துலு’. அதில் குறைவது ஒழுக்கம் இல்லை, மனத்தெளிவு. கொடூரங்களைக் காணக்காண அது குறையும். ரகசிய அறிவு கூடக்கூட அதன் உச்சவரம்பே சரியும்: 99இலிருந்து அந்த அறிவின் அளவைக் கழித்தால் வருவதுதான் உச்சவரம்பு. தெரிந்துகொள்வதற்கே ஒரு விலை என்று சொல்லும் இந்தக் கணக்கு அழகானது. ஆனால் அது விட்டுச்சென்ற வழக்கம் அவ்வளவு அழகில்லை. மனநோயின் பெயர்களைப் பட்டியலிட்டுப் பகடையால் ஒன்றைப் பொறுக்கிக் கதாபாத்திரத்தின் மேல் ஒட்டுவது அடுத்து வந்த பல விளையாட்டுகளுக்குப் பழகிப்போனது. தீய செயலுக்குத் தண்டனையாக மனநோய் என்ற இணைப்பை இன்று எந்த மேசையிலும் நான் ஏற்கமாட்டேன்.

1987இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்’ ஆட்டம், தீய செயலுக்கு இருள்பக்கப் புள்ளி என்று எண்ணை மேல்நோக்கி ஓட்டியது. புள்ளி சேரச்சேர, பகடை எதிராக விழும் வாய்ப்பு கூடும். விழுந்தால் கதாபாத்திரம் ஆட்டக்காரரின் கையைவிட்டுக் கேம் மாஸ்டரிடம் போய்விடும். கதாபாத்திரத்தைப் பறிப்பதுதான் இந்த வகை விதிகளின் தூக்குத்தண்டனை. இதற்குப் பிறகு வந்த பல விளையாட்டுகள் அதையே இறுதிப் படியாக வைத்துக்கொண்டன.

இந்த வரிசையில் அதிகம் பேசப்பட்டது, மார்க் ரெயின்-ஹேகன் 1991இல் உருவாக்கிய ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’. நீங்களே அரக்கன், இரத்தம் குடிக்காமல் இருக்க முடியாது. மனிதத்தன்மை என்ற எண் பத்திலிருந்து பூஜ்யம் வரை இறங்கும். பூஜ்யத்தைத் தொட்டால் உள்ளிருக்கும் மிருகம் உங்களை எடுத்துக்கொள்ளும். எண்ணுக்குப் பக்கத்தில் பாவங்களின் படிவரிசை: மேலே சுயநல எண்ணங்கள், ஏழில் திருட்டு, மூன்றில் திட்டமிட்ட கொலை, அடியில் வாய்விட்டுச் சொல்லவே கூசும் கொடுமைகள். உங்கள் மனிதத்தன்மை 8 என்றால் ஒருவரைக் காயப்படுத்துவதே உங்களை உலுக்கும். 4 என்றால் திருட்டு உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பகடையைத் தொடக்கூட வேண்டாம்.

இந்த அமைப்பில் ஓர் உண்மை இருக்கிறது. கீழே போகப்போக உறுத்தல் குறைகிறது. கணக்கு தெரிந்தவர் கையில் அதே உண்மை ஓட்டையாகிறது. நான்கில் போய் உட்கார்ந்துகொண்டால் வசதி. இதற்குமேல் விழ, பெரிதாக எதையாவது செய்தாக வேண்டும். பத்துப் படிகளும் முன்கூட்டியே அச்சாகிவிட்டதால், வறுமையில் ரொட்டி திருடியவனும் அனாதை இல்லத்தின் பணத்தைத் திருடியவனும் ஒரே படியில் நிற்கிறார்கள்.

2018இன் ஐந்தாம் பதிப்பு இதை மாற்றியமைத்தது. அச்சிட்ட பாவப்பட்டியல் போய்விட்டது. குழு முதலில் கூடி, தங்கள் கதையில் எது மீறக்கூடாதது என்று சில கோட்பாடுகளை எழுதிக்கொள்கிறது. ஒவ்வொரு வாம்பயருக்கும் சில சொந்த நம்பிக்கைகள். அவற்றைத் தாங்கிப்பிடிக்க உயிருள்ள மனிதர்கள் சிலர், ஒரு தங்கையோ பழைய ஆசிரியரோ. மீறினால் கறை விழும். ஆட்டம் முடியும்போது கறை விழுந்தவர் வருத்தப் பகடை உருட்டுவார். மனிதத்தன்மை 7 என்று வையுங்கள். பத்துக் கட்டங்களில் மூன்று காலி. இரண்டு கறை விழுந்தால் மிச்சம் ஒன்று, ஆகவே ஒரே ஒரு பத்துமுகப் பகடை. 6 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கறை துடைபடும், மனிதத்தன்மை தப்பும். இல்லையென்றால் ஒரு படி இறக்கம். சரிபாதி வாய்ப்பு. இப்போது மனிதத்தன்மை 4 உள்ளவரை எடுங்கள். ஆறு கட்டம் காலி, இரண்டு கறை போக நான்கு பகடை. நான்கும் கைவிட 16இல் 1 வாய்ப்புதான். மரத்துப்போனவர் எளிதில் விழமாட்டார் என்ற பழைய உண்மை அப்படியே தொடர்கிறது. ஆனால் எது பாவம் என்று சொல்லும் உரிமை மேசையிலிருக்கும் எல்லோருக்கும் வந்துவிட்டது. பழைய பதிப்போடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பேன்.

இந்த உரிமையை முதலில் துணிந்து கொடுத்தவர்களில் ரான் எட்வர்ட்ஸ் முக்கியமானவர். 2001இல் நூலாக வந்த அவருடைய ‘சார்சரர்’ ஆட்டத்தில் கதாபாத்திரங்கள் பேய்களைக் கட்டி ஆள்கின்றன. மனிதத்தன்மை என்ற எண் உண்டு. அதற்கு என்ன பொருள் என்பதை ஒவ்வொரு குழுவும் முடிவுசெய்ய வேண்டும். ஒரு மேசையில் பிறர் துயரை உணர்வது, இன்னொன்றில் கொடுத்த வாக்கு, வேறொன்றில் குடும்பப் பாசம். குழு விவாதித்து எழுதிய விதியை மீறும்போது யாரும் கேம் மாஸ்டரை முறைக்கமாட்டார்கள்.

குற்றத்தையும் தொற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இந்த விதிகளில் அடிக்கடி நடக்கிறது. ‘லெஜெண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்’ உலகில் நிழல்நிலத்துக்குள் கால்வைத்தாலே கறை பற்றக்கூடும், நல்லவரும் கெடலாம். ‘வார்ஹாமர்’ உலகில் கேடு சேர்ந்தால் உடல் உருமாறும். தொற்று என்பது திகில் கதைக்கு நல்ல கருவி. ஆனால் தான் செய்யாத ஒன்றுக்குத் தண்டனை அனுபவிப்பவரையும், கைதியைச் சித்திரவதை செய்தவரையும் ஒரே எண்ணில் குறிக்கும்போது, ‘நான் செய்தேன்’ என்ற பொறுப்பு கரைந்துவிடுகிறது. கோணலான உடலே கெட்ட மனத்தின் அடையாளம் என்ற பழைய கொடுமையும் கூடவே உள்ளே வருகிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் இந்த விதி அவரிடம் என்ன சொல்கிறது என்பதை உருவாக்கியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

இருந்தாலும் 2018இல் வந்த வார்ஹாமரின் நான்காம் பதிப்பில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். இருள் ஒப்பந்தம் என்று அதைச் சொல்லலாம். பகடை கைவிட்ட நேரத்தில் ஆட்டக்காரர் தானாகவே ஒரு கேட்டுப் புள்ளியை ஏற்றுக்கொண்டு மறுபடி உருட்டலாம். தோழி படகிலிருந்து நழுவி விழுகிறாள். கையைப் பிடிக்கும் முயற்சி தோற்றுவிட்டது. இன்னொரு முறை வேண்டுமா? வேண்டும். ஒரு புள்ளி. இங்கே யாரும் யாரையும் தண்டிக்கவில்லை. செயலுக்கு முன்பே விலை சொல்லப்பட்டது, தெரிந்தே கொடுக்கப்பட்டது. அந்தக் கணத்தில் மேசையில் விழும் அமைதியைப் பார்த்தவர்களுக்கு, சோதனை என்பதை விதியால் உண்டாக்க முடியுமா என்ற சந்தேகம் வராது. ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ (2017) இதையே எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஒரு பகடை கூடுதலாக வேண்டுமா? யாராவது ஒரு பேரம் முன்வைப்பார்கள்: உன் நண்பன் மாட்டிக்கொள்வான், அல்லது ஒரு அப்பாவி பார்த்துவிடுவான். ஒப்புக்கொண்டால், பகடை எப்படி விழுந்தாலும் அந்த விளைவு நடந்தே தீரும்.

1990இன் ‘ரேவன்லாஃப்ட்’ பெட்டித் தொகுப்பு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அந்த இருண்ட உலகில் தீமை செய்தால் சதவீதப் பகடை உருளும். அது எதிராக விழுந்தால் ஒரு சாபத்தோடு ஒரு வரமும் கிடைக்கும்: இருட்டில் பார்வை கிடைக்கலாம், கூடவே கண் மிருகக் கண்ணாகலாம். படிப்படியாகப் போனால் முடிவில் தனக்கென ஒரு நாடும், அதைவிட்டு வெளியேற முடியாத சிறையும். கெட்டதால் லாபம் இல்லையென்றால் யாரும் கெடமாட்டார்கள் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். வெறும் தண்டனை விதிகள் தவறவிடுவது இதைத்தான்.

சோதனையை எண்ணே இல்லாமல் கட்டியவர் வின்சென்ட் பேக்கர். அவருடைய ‘டாக்ஸ் இன் தி வினியார்டு’ (2004) 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கின் கற்பனை வடிவம். மதக் காவலர்களான இளைஞர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாவத்தை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சீரழிவுப் புள்ளி எதுவும் கிடையாது. அவர்கள் தீர்ப்பு சரியா என்று சொல்லும் வேலையும் கேம் மாஸ்டருக்கு இல்லை. ஆனால் மோதல் நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு அண்ணனிடம் குடியை விடச் சொல்லி வாதாடுகிறீர்கள். முதலில் உருட்டிய பகடைகள் ஒவ்வொன்றாகத் தீர்கின்றன, வாதத்தில் தோற்கப்போகிறீர்கள். அப்போது அவர் சட்டையைப் பிடித்தால், இதுவரை உருட்டாத பகடைகள் கைக்கு வரும். அதுவும் போதாவிட்டால் முஷ்டி, பிறகு துப்பாக்கி. ஒவ்வொரு படியிலும் புதுப் பகடை. விட்டுக்கொடுப்பதும் எப்போதும் திறந்திருக்கும் வழிதான். தன் தரப்பு சரி என்ற உறுதி எப்படி ஒரு நல்ல இளைஞனின் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விதியை நான் பார்த்ததில்லை.

கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பெண்ட்ராகன்’ (1985) இதற்கு நேர்மாறான இடத்தில் நிற்கிறது. ஆர்தர் மன்னனின் வீரர்களுக்குப் பதின்மூன்று குணஜோடிகள்: இரக்கம்–கொடூரம், வாய்மை–வஞ்சம், அடக்கம்–செருக்கு என்று. ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகை 20. ஒன்று கூடினால் மற்றது குறையும். குணம் 16ஐத் தொட்டுவிட்டால், நெருக்கடியில் வீரன் என்ன செய்வான் என்பதைப் பகடை சொல்லிவிடலாம். ஆட்டக்காரரின் சுதந்திரம் பறிபோகிறது என்று பலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பத்து ஆண்டுகள் கொடூரமாக நடந்தவனுக்குப் பதினோராவது ஆண்டில் இரக்கம் நினைத்தவுடன் வராது. பழக்கம் மனிதனைப் பிடித்துவைக்கும். மேலும் இந்த விதி ஏறவும் விடுகிறது. செய்த செயல்களே குணத்தை நகர்த்துகின்றன. சுறுசுறுப்பு, ஈகை, நீதி, இரக்கம், அடக்கம், வீரம் ஆகிய ஆறும் சேர்ந்து 80ஐத் தொட்டால் அந்த வீரன் மாவீர ஒழுக்கம் உடையவன் என்ற பெருமையும் பயனும் பெறுவான்.

கெடுதல் என்பது பெரும்பாலும் மரத்துப்போவதுதான் என்பதை ஒழுங்காகப் பிடித்தவை இரண்டு. கிரெக் ஸ்டால்சும் ஜான் டைன்ஸும் 1998இல் வெளியிட்ட ‘அன்னோன் ஆர்மீஸ்’ ஆட்டத்தில் வன்முறை, கையறுநிலை, தனிமை, அமானுஷ்யம், சுயம் என்று ஐந்து அளவுகோல்கள். அதிர்ச்சியைத் தாங்கத் தவறினால் ஒரு உடைவுக் குறி. தாங்கிவிட்டால்? அதற்கும் குறி உண்டு, இறுகியதற்கான குறி. இறுகிய குறிகள் சேர்ந்தால் அதே அளவு கொடுமை அடுத்த முறை உங்களை அசைக்காது. மற்ற விளையாட்டுகள் வெற்றி என்று எழுதிக்கொண்டு கடந்துபோகும் இடத்தில், இது காயம் என்று எழுதுகிறது.

2016இன் ‘டெல்டா கிரீன்’ அதைக் குடும்பத்துக்குள் கொண்டுபோனது. அரசின் ரகசிய முகவர்களான கதாபாத்திரங்களுக்கு மனைவி, மகன், பழைய நண்பன் என்று உறவுகள் எண்களோடு எழுதப்பட்டிருக்கும். மனத்தெளிவு சரியும்போது அந்த அதிர்ச்சியில் ஒரு பகுதியை ஓர் உறவின் மேல் இறக்கிவைத்து நீங்கள் நிமிர்ந்து நிற்கலாம். அந்த உறவின் எண் குறையும். வன்முறைக்குப் பழகிவிட்டால் இனி அது உங்கள் மனத்தைக் குலைக்காது. அதற்கு விலை, எல்லா உறவுகளிலும் ஓர் அறுமுகப் பகடை அளவு சரிவு. கொலையைப் பார்த்துக் கலங்காத கணவன், வீட்டில் யாருக்கும் நெருக்கமானவனாக இல்லை. சீரழிவு என்ற சொல்லையே பயன்படுத்தாமல் அதைப் பற்றி இத்தனை நேர்மையாகப் பேசும் விதி இந்தத் துறையில் அரிது.

இவற்றில் எதை எடுத்தாலும் முதல் ஆட்டத்துக்கு முன் ஒரு பேச்சு வேண்டும்: எந்தக் கொடுமை இந்த மேசைக்கு வரவே கூடாது, எது நடந்தாலும் விவரிக்கப்படாமல் கடந்துபோகலாம் என்று. கோடுகள், திரைகள் என்று இந்த வழக்கத்துக்குப் பெயர். தீமையைப் பற்றி ஆடும் குழுவில் அந்தத் தீமைக்கு உள்ளானவர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் வெளியே சொல்லாமலிருக்கவும் கூடும்.

விழுவதற்கு இத்தனை படிக்கட்டுகளை நுணுக்கமாகச் செதுக்கியவர்கள் ஏறிவருவதற்குச் செய்தது மிகக் குறைவு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பில் பிராயச்சித்தம் ஒரு மந்திரம். தெரிந்தே செய்த பாவத்துக்கு மன்னிப்பு வாங்க 500 அனுபவப் புள்ளி செலவாகும். அதைக் கொடுப்பது பாவம் செய்தவர் இல்லை, மந்திரம் சொல்லும் பூசாரி. பழைய வாம்பயரில் அனுபவப் புள்ளி கொடுத்து மனிதத்தன்மையை ஏற்றிக்கொள்ளலாம்; இரண்டிலும் மீட்சி ஒரு கொள்முதல். பிரான்செஸ்கோ நெபிடெல்லோவின் ‘தி ஒன் ரிங்’ (2011) இன்னும் கனிவானது. மிரட்டலுக்கு ஒரு நிழல் புள்ளி, கொலைக்கு ஐந்து என்று கணக்கு வைத்தாலும், பயணங்களுக்கு இடையிலான ஓய்வுக் காலத்தில் பாடியோ கைவேலை செய்தோ நிழலைக் குறைத்துக்கொள்ள விடுகிறது. நிலைத்துவிட்ட நிழல் மட்டும் போகாது.

பாதிக்கப்பட்டவரிடம் திரும்பிப் போவதை இவை எதுவும் கேட்கவில்லை. அதற்கு மிக அருகில் வருவது மறுபடியும் டெல்டா கிரீன்தான். ஒவ்வொரு பணிக்கும் பிறகு முகவர் வீடு திரும்புகிறார். அந்த இடைவெளியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யலாம்: புதிய திறமை கற்கலாம், சிகிச்சைக்குப் போகலாம், விட்ட வழக்கைத் தொடரலாம், அல்லது குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யலாம். கடைசியதைத் தேர்ந்தால், உருட்டும் பகடை கைகொடுக்கும் பட்சத்தில் சரிந்த உறவு கொஞ்சம் நிமிரும். அந்த மாதத்தில் அவர் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போயிருக்கமாட்டார். அடுத்த பணியில் அந்தக் குறை தெரியும். இனி விதி எழுதப்போகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் அந்த மாதம்.